பேட்டரியில் ஓடிய சிகாமட்

சிகாமட்டில் வெள்ளம் ஏறிய அன்று காலை நான் மலேசியாவின் தென்முனையில், ஜொகூர் பாரு அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் கம்பெனிக் கிளைகளின் நெட்வொர்க் கருவிகளைக் கவனிப்பது என் வேலை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், தூரத்தில் இருக்கும் கருவி தன் நிலைமையைச் சொல்லும்.

அக்கா வீடு சிகாமட் கிளைக்குப் பின்னால்தான். அவளுடைய போன் கிடைக்கவே இல்லை. அதனால் கிளையின் யுபிஎஸ்ஸைக் கேட்டுப் பார்த்தேன். மின்சாரம் போய், பேட்டரியில் ஓடுவதாகப் பதில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. நான் பயந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "சிகாமட் இன்னும் இருக்கா?"

"இருக்கு அண்ணே," என்றேன். அடுத்த முறை கேட்டபோது பதில் வரவில்லை.

மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ அக்கா கூப்பிட்டாள். "நாங்க ஸ்கூல் ஹால்ல இருக்கோம். பிள்ளைங்க நல்லா இருக்காங்க. வீட்டுலதான் கூரை வரைக்கும் தண்ணி லா."

"சரிக்கா."

"என்னடி, சரிங்கிற? அழுறியா?"

"இல்லக்கா. சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி கொடுத்தாங்க," என்றவள், அப்புறம் அழ ஆரம்பித்தாள். அவள் ஓயும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

கருவி பதில் தராததால் எச்சரிக்கைச் செய்தி ஓயாமல் வருகிறது என்று, சாயங்காலம் மேலாளர் சிகாமட்டைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டு, சிகாமட் போகும் சாலை எப்போது திறக்கும் என்று விசாரிக்கப் போனேன்.