வேட்டியைத் தின்ற புகை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கடலூரில் இயந்திரப் படகு, கருவாட்டுக் கிடங்கு, சிதம்பரத்தில் மாடி வீடு, எல்லாம் நான் ஒருவனாகச் சம்பாதித்தவை.

அறுபதுகளில் ஒருமுறை, வலை கடிக்கும் எலிகளை ஒழிக்க, படகின் ஈரமான கீழறையை மூடி மாதக்கணக்கில் கந்தகம் கொளுத்தினேன். உள்ளே மறந்துவிட்ட என் வேட்டியை ஒருநாள் எடுத்தபோது, அது கையோடு பொடிந்து வந்தது.

கடலுக்குக் கிளம்பப் படகில் ஏறியிருந்த மச்சான் சிரித்தான். "எலி தின்னுருக்கும் மாமா!"

மீன் வாங்க வந்த அண்ணாமலை நகர் ரசாயன வாத்தியார் சிரிக்கவில்லை. "கந்தகப் புகை காத்தோடயும் ஈரத்தோடயும் சேர்ந்தா கந்தக அமிலம் ஆயிடும். அது துணியோட நிக்காதுங்க."

கீழறைப் பலகையின் ஆணியை நெம்பினேன். நூலாக இளைத்திருந்தது; நடுக்கடலில் பலகையே கழன்றிருக்கும்.

"எறங்குடா!" என்று கத்தினேன்.

வாத்தியார்தான் காப்பாற்றினார் என்கிறது ஊர். கொளுத்தியவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். மச்சானை இறக்கியவனும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.