பின்கதவு

எண்பதுகளில் திருவண்ணாமலையில் நான் கார் ஓட்டக் கற்றபோது, அடி அண்ணாமலை இலங்கை அகதி முகாமிலிருந்து ஒருவரும் பயிற்சிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

பாலிடெக்னிக்கில் படித்தவள் நான். கண்ணாடி, ஹேண்ட்பிரேக், கிளட்ச், கியர் என்று வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். அவருடைய வரிசை வேறிடத்தில் தொடங்கியது. வண்டி எடுக்கும் முன் பின்கதவைத் திறப்பார். சற்று நின்று, ஓசையில்லாமல் மூடுவார்.

“மகாராணி ஏறிட்டாங்களா சார்?” என்று பயிற்சியாளர் சிரிப்பார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “இங்க கார் வாங்கப் போறீங்களா சார்?”

“இல்லை, பிள்ளை. அங்க வீட்டு வாசலில கார் நிண்டது. நெஞ்சுநோவில துடிச்ச என்ர மனுசியைப் பின்சீட்டில கிடத்திப்போட்டன். ஓட்ட ஆள் கிடைக்கேல்லை. எனக்கும் ஓட்டத் தெரியாது.”

பயிற்சியாளரும் அருகில்தான் நின்றிருந்தார்.

லைசென்ஸ் தேர்வன்றும் அவர் பின்கதவைத் திறந்து நின்றார். முன்சீட்டில் இருந்த அதிகாரி, “சீக்கிரம் வண்டிய எடுங்க!” என்று அதட்டினார்.

“ஒரு நிமிஷம் இருங்க சார்,” என்றார் பயிற்சியாளர். “அவங்க ஏறட்டும்.”

கதவு மெல்ல மூடியது. எப்போதும் குலுங்கிக் கிளம்பும் அந்த வண்டி, அன்று குலுங்கவே இல்லை.