மூணு தபா கேக்கணும்மா!

போன சனிக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால்... ரேவதி! தடிமனான ஒரு கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடையாறு வெயிலில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊருக்குக் காட்ட வேண்டாமா?

"வா வா... காபி குடிக்கிறியா?"

"குடுங்கமா. சக்கர கம்மியா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரைக்காக இல்லை, அந்த 'குடுங்க'வுக்காக! இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட என் மாமியாரை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் இவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, அவர் புலம்பலுக்கெல்லாம் 'உம்' கொட்டுவது எல்லாம் இவள்தான். அந்த இரண்டு வருஷமும் காபி கேட்டால் ஒரே பதில்தான்: "வேணாம்மா."

மாமியார் காலமான பிறகு, இங்கிலாந்தில் ஒரு வயதான அம்மாவை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துப் போனாள். இப்போது முதல் லீவு.

"அவ்ளோ தூரம் போக எப்படிடி தைரியம் வந்துது?" என்றேன்.

"இன்னா தூரம்மா? சைதாப்பேட்டைல ஆத்தோரம் பொறந்தேன். வூட்ட இடிச்சிட்டு ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போட்டாங்க. அங்கருந்து உங்க வூட்டுக்கு ரெண்டு பஸ்ஸு. எம் பாப்பா முழிக்கறதுக்குள்ள கெளம்பி, அது தூங்குனப்புறம் போய்க்கினு இருந்தேன். பக்கத்துல இருந்தும் அது மூஞ்சியப் பாக்கல. தூரமா போனா நல்ல ஸ்கூல்லயாவது சேக்கலாம்ல?"

காபியை அவள் கையில் கொடுத்தேன்.

அந்த இரண்டு பஸ்ஸில்தான் இயர்போன் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் கற்றிருக்கிறாள்! கார்ப்பரேஷன் ஸ்கூலில் பிளஸ் டூ படித்தவள், விசாவுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை பாஸ். நானும் மூன்று வருஷமாக இந்தி கற்கிறேன்... ஆப் டவுன்லோட் செய்ததோடு சரி.

"ஆனா மொத வாரம் பட்டினிமா" என்றாள், சிரித்துக்கொண்டே.

பட்டினியா? அந்த வீட்டில் வயதான அம்மாவும் அவர் மகளும். சமையல் மகள். முதல் நாள், "சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவள், "நோ, தேங்க்யூ." அவ்வளவுதான்... இவளுக்குத் தட்டு வைக்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

நமக்குத் தெரியாதா? முதல் தடவையே 'சரி' என்று உட்கார்ந்துவிட்டால், சோற்றுக்கு அலைகிறவள் என்று பேர் வந்துவிடும். 'வேண்டாம்' என்பது நம் ஊரில் பதிலே இல்லை. 'இன்னொரு தடவை கேளு' என்றுதான் அர்த்தம். அந்த ஊரிலோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான்!

"ஃப்ரிட்ஜ்ல எடுத்துச் சாப்பிடறதுதானே?"

"கேக்காம எடுத்தா திருட்டுமா அது."

கொண்டுபோன முறுக்கு நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள், வீல் சேரைத் தள்ளும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மகள் பயந்துபோய், இவளை அனுப்பிய ஏஜென்சிக்கு போன் போட்டார்: "இவங்க சாப்பிடவே மாட்டேங்கறாங்க. உடம்பு சரியில்ல போல. வேற ஆளை அனுப்புங்க."

வேலை போனால் விசா போச்சு. விசா போனால் பாப்பாவின் ஸ்கூல் போச்சு.

"போன வைங்கன்னேன். அழுதுக்கினே இங்கிலீஷ்ல சொன்னேம்மா... எங்க ஊர்ல மொத தபா வேணாம்னுதான் சொல்லுவோம், நீங்க திரும்பக் கேக்கணும், மூணு தபா கேக்கணும், அப்பதான் சரின்னு ஒக்காருவோம்னு."

யோசித்துப் பாருங்கள். நான் எம்.ஏ. பட்டதாரி. லண்டனுக்கு டூர் போனபோது, சூப் ஆறிப்போயிருக்கிறது என்று ஹோட்டலில் சொல்லத் தெரியாமல் அப்படியே குடித்துவிட்டு வந்தவள். இவளோ ஐந்து நாள் பசியோடு, வேலை கைவிட்டுப் போகிற நேரத்தில், நம்மூர் உபசாரம் மொத்தத்தையும் அந்நிய பாஷையில் விளக்கியிருக்கிறாள்! எனக்கு நிஜமாகவே புல்லரித்தது.

வீல் சேரிலிருந்த அம்மா இவளைக் கிட்டே கூப்பிட்டாராம். பிறகு ஒரு விரலைத் தூக்கி, "சாப்பிடறியா?" இரண்டாவது விரல், "சாப்பிடறியா?" மூன்றாவது விரல்... "சரி"யென்று அழுதிருக்கிறாள் இவள். மகள் தட்டு எடுத்துவந்தார்.

"இப்பல்லாம் நான் மொத தபாவே எஸ்ஸுன்னுடுவேம்மா. ஆனா அந்தம்மா வுடாது. இரு, இன்னும் ரெண்டு கீதுன்னு வெரலக் காட்டும்!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது.

"ரேவதி... இங்க இருந்தப்போ தினமும் காபி வேணாம்னியே. நிஜமாவே வேணாமா?"

"ரெண்டு பஸ்ஸு மாறி வர்றவளுக்கு காபி வேணாமா இருக்குமாம்மா?" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அந்த இங்கிலாந்து அம்மாவுக்காவது நம் வழக்கம் தெரியாது. எனக்கு? இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது இன்னொரு தடவை கேட்டேனா? 'வேணாமா, சரி' என்று என் டம்ளரோடு ஹாலுக்கு வந்துவிடுவேன். வெட்கமாக இருந்தது.

அவள் கிளம்ப எழுந்தாள்.

"டிபன் சாப்பிட்டுப் போயேன். இட்லி இருக்கு."

"வேணாம்மா. பாப்பா காத்துக்கினு கீது."

பழக்கதோஷத்தில் 'சரி' என்று வாய்வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"ரெண்டே ரெண்டு இட்லி, ரேவதி. பாப்பாவுக்கும் கட்டித் தரேன். உக்காரு."

கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவள் இங்கிலாந்து வரை போனாள். எனக்கு ஹாலிலிருந்து சமையலறை வரைதான்... அதற்கே இத்தனை வருஷம்!