அக்கா வீட்டை ஏழையாக்கிய நாள்

ஒரு வீட்டை ஏழை வீடாகக் காட்டுவது எப்படி என்று பாடம் எடுத்த முட்டாள் நான்தான். அதுவும் பணக்கார வீட்டுக்கு எடுத்திருந்தாலாவது கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருப்பேன். நான் எடுத்தது உண்மையிலேயே ஏழையாக இருந்த வீட்டுக்கு. இருந்த ஏழ்மை எனக்குப் போதவில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் மேசை நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள். அதனால் ஆபீஸ், அதிகாரி, கையெழுத்து என்று எது வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைப் பரப்பியவனும் நானே.

அக்கா வீடு எண்ணூர் நெட்டுக்குப்பத்தில். அவள் வீட்டுக்காரர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அக்கா மீன் விற்கிறவள். ஒரே மகள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, கவுன்சிலிங்கில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் சீட்டும் வாங்கிவிட்டாள். வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். வீட்டுக்குள் வந்தால் கரண்ட் இருக்காது. "கரண்ட்டு இங்கதான் தயாராவுது, ஆனா ஊருக்கெல்லாம் போய் சுத்திட்டு கடசியாத்தான் நம்மூட்டுக்கு வருது. அது ஏன்னு படிக்கணும் மாமா" என்பாள். அவள் ஏதோ கோபத்தில்தான் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

சீட்டு கிடைத்தது, கட்டணம் கட்ட வழியில்லை. சலுகையெல்லாம் போக மீதி இருந்ததே மலைப்பாக இருந்தது. வசதியுள்ளவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு அவள் பள்ளிக்கூட டீச்சர் சொல்லி விண்ணப்பம் போட்டாள். பரீட்சை வைத்தார்கள், தேறினாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், அதிலும் தேறினாள். கடைசியாக வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். அதுவும் சரியாகப் போனால் நாலு வருஷப் படிப்பும் அவர்கள் பொறுப்பு. போகாவிட்டால் சீட்டு கைவிட்டுப் போகும். இறால் பேக்கிங் கம்பெனியில் வேலைக்கு அக்கா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்ற இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாத நாட்களில் எங்கள் குடும்பம் நன்றாகத்தான் இருக்கும்.

அவர்கள் வருகிற அன்று காலையிலேயே போய் இறங்கினேன். "ஃப்ரிட்ஜ் இருந்தா உனக்கு எதுக்கு உதவினு கேப்பாங்க. தூக்கு. டி.வி.யத் தூக்கு. மிக்ஸி, ஃபேன் எல்லாம் போவட்டும்" என்றேன்.

"ஃபேனு கூடவா? கொளுத்துற வெயிலுடா. வரவங்க வெந்துடுவாங்க."

"வேவட்டும். வெந்தாத்தான் மனசு இளகும்."

"சேரு?"

"அதுவும்தான்."

"அப்ப எங்க குந்துவாங்க?"

"தரையில. தரையிலதாங்கா மார்க்கே."

மகள் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இது தப்பா தெரியுதே" என்றாள். "படிச்ச புள்ள மாதிரி பேசாத" என்று அடக்கிவிட்டு, நானும் அவள் அப்பாவுமாக எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டோம். விஷயம் வெளியே தெரியக் கூடாது, யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரியிடமும் காரணம் சொல்லவில்லை, யாரிடமும் மூச்சு விடாதே என்று மட்டும் சொன்னேன். பிறகு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன், வருகிறவர்களை அழைத்து வர.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பட்டப் பகலில் ஒரு வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜும் டி.வி.யும் வெளியே போனால், குப்பத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரன் தூக்கிவிட்டான். அந்த வீட்டுப் பெண்ணும் வாயைத் திறக்காமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு வலை போனாலும் படகு போனாலும் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவமானப்படுவார்களே என்று, கையில் இருப்பதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், வேண்டாம் என்றால் சண்டை. இதெல்லாம் எனக்கும் தெரியும். பிறந்து வளர்ந்ததே அந்தக் குப்பத்தில்தான். மேசை நாற்காலி கொஞ்சம் மறக்கடித்திருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். நடுவயது மேடம் ஒருவர். கூடவே பை தூக்கிக்கொண்டு ஒரு இளைஞர். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நான் வாயை மூடவில்லை.

"பாத்தா கஷ்டமா இருக்கும் மேடம். வீட்ல ஒரு சாமான் கெடையாது. உக்கார ஒரு நாற்காலி கெடையாது. ஃபேன் கூட இல்ல மேடம்."

"ஐயோ பாவம்" என்றார் மேடம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் காற்று வந்து முகத்தில் அடித்தது. இரண்டு மேசை விசிறிகளும், மனிதன் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் ஃபேனும் சுழன்றுகொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து கரண்டும் இருந்தது. கை வைத்த சிவப்பு நாற்காலிகள் வரிசையாக நின்றன. தரையில் பூப்போட்ட கம்பளம். எதிர்வீட்டுப் படகு முதலாளியம்மா அனுப்பிய டி.வி. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. யாரோ புது கேஸ் அடுப்பு கொண்டுவந்திருந்தார்கள்; அதில் யாரோ வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடே தோற்றது.

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்டாண்ட் ஃபேனைப் பார்த்தேன். அது மட்டும், 'இல்லை, இல்லை' என்பது போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் இவங்களுது இல்ல மேடம்" என்றேன்.

"பின்ன யாரோடது?"

"பக்கத்து வீடுங்களோடது."

"அப்ப இவங்களுது எங்க?"

"அது பக்கத்து வீட்ல இருக்குது மேடம்."

அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் உண்மை அது. அதைப் போல ஒரு பொய் கேட்டதில்லை என்பது போல அந்த இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. இறால் கம்பெனி அவள் கண்ணில் தெரிந்தது.

மகள் டி.வி.யை அணைத்துவிட்டு முன்னால் வந்தாள். "மேடம், எங்க சாமானையெல்லாம் மாமா பக்கத்து வூட்ல ஒளிச்சு வெச்சாரு. ஃபைனான்ஸ்காரன் தூக்கினு பூட்டான்னு நெனச்சி இவங்க அவங்கவங்க சாமானைக் கொண்டாந்து குடுத்தாங்க. ஃப்ரிட்ஜு எங்களுதுதான். பழசு. அம்மா மீனுக்கு ஐஸ் போடறது. வாங்க, காட்டறேன்."

மேடம் போகவில்லை. என்னைக் கேட்டார். "ஏன் சார் ஒளிச்சு வெச்சீங்க?"

"கஷ்டப்படறாங்கனு தெரியணும்னுதான் மேடம்..."

"அது எங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். தெரிஞ்சுதான் வந்தோம். யார் வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குனு எண்ணறதுக்கு இவ்வளவு தூரம் வரல." அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எங்க புள்ளைங்கள்ல சில பேரு பாதியில நின்னுடறாங்க. நல்ல மாப்பிள்ளை வந்துச்சு, வீட்ல கஷ்டம், அப்படி இப்படினு. நாலு வருஷம் என்ன நடந்தாலும் இந்தப் பொண்ண நிறுத்த மாட்டீங்களா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் அதிகம் பேசாத மனிதர். கடலிலும் அப்படித்தானாம். மகளைப் பார்த்தார். அந்த வருஷமே அவளுக்கு ஒரு வரன் வந்து பேசிவிட்டுப் போயிருந்தது. நல்ல இடம், சொந்தப் படகு.

"அது நிக்காதும்மா. நான் தொழிலுக்குப் போவலன்னாலும் அது நிக்காது" என்றார்.

வாசலில் கூடியிருந்த பெண்களிடமிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தார். "அவரு நிறுத்துனா நாங்க வுட்டுடுவமா? இன்னா மேடம் நீங்க, மீனு ஆறுது, துன்னுங்க."

மேடம் சாப்பிட்டார். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் கிளம்பும்போது முடிவு பிறகு சொல்கிறோம் என்று மட்டும்தான் சொன்னார். அதற்கப்புறம் அக்கா என்னோடு பேசவில்லை. கட்டணம் கட்டும் கடைசி நாள் நெருங்க நெருங்க, என் மனைவியும் பேசவில்லை. யார்டில் லாரி டிரைவர்கள்தான் எனக்குத் துணை. கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம் போன் வந்தது: எடுத்துக்கொண்டோம், காலேஜுக்கு நாங்களே கட்டிவிடுகிறோம்.

இப்போது அவள் கடைசி வருஷம். அறக்கட்டளை கட்டணத்தோடு நிற்கவில்லை. முதல் வருஷமே எல்லோருக்கும் கண் பரிசோதனை வைத்தார்கள். இவளுக்கு முதல் பெஞ்சிலிருந்தே போர்டு சரியாகத் தெரியாதாம். இத்தனை வருஷமும் காதால் கேட்டே மார்க் வாங்கியிருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, நீ இப்படியா கீற?" என்றாள். இங்கிலீஷ் பேசவும் வகுப்பு வைத்தார்கள். இப்போது என்னை இரண்டு மொழிகளில் திட்டுகிறாள். அவளுக்குப் பணம் கட்டுகிற பெரியவர் வேறு ஏதோ ஊரில் இருக்கிறார். மாதம் ஒரு முறை கூப்பிடுவார். மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவள் பேசி முடித்ததும் அவள் அப்பா போனை வாங்கி, கடல் எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்வார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. குப்பத்தில் மூன்று வீட்டுப் பெண்கள் இவளைப் பார்த்து விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் போகக் கூடாது என்று பெரிய கட்டுப்பாடு.

போன வாரம் அறக்கட்டளை விழா. நன்கொடையாளர்கள் எல்லாரும் வருவார்கள், மாணவர்கள் சார்பில் இவள்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு நன்றி, மேடத்துக்கு நன்றி, அந்தப் பெரியவருக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு, குப்பத்துக்கு. காத்திருந்து பார்த்தேன். என் முறை வருவதாகத் தெரியவில்லை.

"தோ பாரு, நான் ஒண்ணும் பெருசா கேக்கல" என்றேன். "அன்னிக்கி நான் ஓடியாடி அலஞ்சேன் இல்ல. என் மாமாவாலதான் எனக்கு இது கெடச்சுதுனு ஒரு வரி சேத்துக்கயேன்."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ இருந்தும் கெடச்சுது மாமா."