ஸ்மோலென்ஸ்குக்கு மேற்கே நான்கு கட்டங்கள்

காலை பத்து மணி பத்து நிமிடம். நாளிதழுக்குச் செய்தி எழுதுவதற்காக காரைக்குடி பஸ் நிலையத்துக்கு எதிரே நான் எடுத்திருந்த அறையின் வாசலில் தபால்காரர் நின்றார். முதலில் கண்ணில் பட்டது அவர் கையிலிருந்த தடித்த உறை. அதன் மூலை கிழிந்து, ஓரத்தில் வரிசையாகத் துளையிட்ட தாள் வெளியே தெரிந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. அப்படி ஒரு தாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அனுப்பியவன் என் கல்லூரி நண்பன், பள்ளத்தூர்க்காரன். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தான். தாளை விரித்தேன். எண்களும் புள்ளிகளுமாக ரஷ்யா இருந்தது. நீளம் இருபத்துநான்கு கட்டம், அகலம் பதினான்கு. இரண்டாம் முறை எண்ணத் தேவைப்படவில்லை. அது அவன் வீட்டு இரண்டாம் கட்டுக் கூடம்.

அறுபதுகளின் கடைசியில், விடுமுறை நாட்களில், அந்தக் கூடத்தின் ஆத்தங்குடித் தரைக்கற்களின் மேல் நாங்கள் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை ஆடினோம். ஒரு கல் என்பது காலாட்படைக்கு ஒரு நாள் நடை. மரத்துண்டுகள்தான் படைகள். துப்பாக்கிச் சண்டையெல்லாம் இரண்டாம் பட்சம். எந்தப் படை எந்த வழியாக எத்தனை நாளில் போய்ச் சேரும், அதற்கும் அதன் குதிரைகளுக்கும் தீனி எங்கிருந்து வரும் என்பதுதான் ஆட்டம். அவன் எப்போதும் பிரான்ஸ், நான் எப்போதும் ரஷ்யா. தீனிக் கணக்கை நோட்டில் போடுவதும் நான்தான். அடுப்படிப் பக்கம் மாஸ்கோ. அவனுடைய தாயார் நடுவில் நின்று, “ரஷ்யாவக் கொஞ்சம் அங்குட்டு ஒதுக்குங்கப்பா, ஒலை கொதிக்குது” என்பார்.

கடிதத்தில் நண்பன் எழுதியிருந்தான்: “இப்ப தீனிக் கணக்கெல்லாம் மிஷினே போட்டுருதுடா. ஒருத்தர் நகர்த்துறது மாசக் கடைசி வரைக்கும் இன்னொருத்தருக்குத் தெரியாது, அப்பறம் ரெண்டு பக்கமும் சேந்து தாள்ல வந்துரும். ரஷ்யா பக்கம் எங்கூட வேலை பாக்குறவர் ஆடுறார். பிரமாதமா பின்வாங்குறார்.”

பின்வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று முன்பு சொன்னவனும் அவன்தான். கடைசி வரியை நான்கைந்து முறை படித்தேன். அன்று அனுப்ப வேண்டிய செய்தி மாலை வரை மேசையிலேயே கிடந்தது.

மாதம் ஒரு தாள் வந்தது. அந்த முகம் தெரியாத மனிதரின் ஒவ்வொரு நகர்த்தலிலும் நான் பிழை தேடினேன். அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. ஸ்மோலென்ஸ்குக்கு மேற்கே நான்கு கட்டங்களில் மட்டும் தீனிக் கணக்கின் எண் இல்லை, நட்சத்திரக் குறி இருந்தது. எந்தப் படையும் அவற்றுக்குள் நுழையவில்லை, சுற்றியே போயிற்று. கூடத்தின் நான்கு தேக்குத் தூண்கள் நின்ற இடம் அது. தரையிலிருந்ததை அப்படியே மிஷினுக்குள் ஏற்றியிருந்தான். அதன் பிறகு தாள் வந்ததும் முதலில் அந்த நான்கு குறிகளைத்தான் பார்ப்பேன்.

பொங்கல் விடுமுறைக்கு நண்பன் தன்னோடு ஆடும் அந்த மனிதரையும் பள்ளத்தூருக்கு அழைத்து வந்தான். நானும் போயிருந்தேன். ஒல்லியான, மரியாதையான மனிதர். வெறுக்க வசதியாக ஒன்றும் இல்லை.

“ஆத்தா, இவருதான் இப்ப ரஷ்யா” என்றான் நண்பன்.

“அப்ப இந்தத் தம்பி எங்குட்டுப் போறதாம்?” என்று தாயார் என்னைக் காட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காபி குடித்த பின், நண்பன் உள்ளே போயிருந்த நேரத்தில், வந்தவரிடம் கேட்டேன்: “ஸ்மோலென்ஸ்குக்கு முன்னாடி நாலு கட்டத்துல படை நுழையாதே, ஏன்னு கேட்டீகளா?”

“சதுப்பு நிலம்னு சொன்னார்.”

பக்கத்துத் தூணை உள்ளங்கையால் தட்டினேன். “இந்தா நிக்குது ஒங்க சதுப்பு நிலம். மத்த மூணும் அங்குட்டு இருக்கு. நாங்க ஆடுன எடம் இது.”

அவர் தூண்களையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆறு மாசமா என் படை இந்தத் தூணைச் சுத்தியா நடந்துச்சு?” சத்தம் கேட்டு நண்பன் வந்தான். “என்ன சார், வீட்டுத் தூணைக் கொண்டுபோய் ரஷ்யாவுல நட்டிருக்கீங்க!” என்றார் அவர். நண்பன் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்திருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டான்: “அத ஏண்டா அவருகிட்டச் சொன்ன?”

“உள்ளதத்தானே சொன்னேன்.”

“எனக்குத் தெரியாமயா அத எடுக்காம வச்சிருந்தேன்?”

பஸ் வந்துவிட்டது. காரைக்குடி வரை எனக்கு அந்த மனிதர் தூணைப் பார்த்து விழித்த விழிதான் நினைவில் இருந்தது. சந்தோஷமாகவே இருந்தேன்.

அடுத்த உறை மாசியில் வந்தது. கடிதம் இல்லை, தாள் மட்டும். ஸ்மோலென்ஸ்குக்கு மேற்கே நான்கு கட்டங்களிலும் எண்கள் இருந்தன. இரண்டாவது கட்டத்தில் ரஷ்யாவின் ஆறாவது படை நின்றது.