எந்திரத்துக்கு எடுத்த ஒப்பாரி

கோயில் பொங்கலுக்குப் பாடப் போகிறவன் படுவதே நாய்படாத பாடு. அதிலும் விண்கலத்தையும் வேற்றுக் கிரகத்தையும் தெம்மாங்கில் பாடுகிறவன் கதியைக் கேட்கவே வேண்டாம். மேடை ஏறி மாட்டிக்கொண்ட பாவப்பட்ட சென்மங்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? விஞ்ஞானக் கதை, மாயக் கதை எது கையில் கிடைத்தாலும் படித்துவிட்டுப் பாட்டுக் கட்டுவேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் சண்முகத்தாய் லீவு நாளில் வந்து கூடப் பாடும். அது குரலுக்குத்தான் கூட்டம், எனக்கில்லை.

இரண்டு சூரியன்

அச்சங்குளத்தில், இரண்டு சூரியன் உள்ள கிரகத்தைப் பாடினோம். இருட்டே வராத ஊர், உறக்கம் கெட்ட சனம் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். பாட்டு முடிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பட்டாசுத் தொழிலாளி ஒருவர் எழுந்தார். கண் கலங்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

"ரெண்டு சூரியன்னா பட்டாசுச் சரக்கு அரை நாள்ல காஞ்சிருமேண்ணே. அங்கன ஒரு கம்பெனி போட எடம் கெடைக்குமா?"

பறக்கும் பாம்பு

விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனி ஆயுத பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பைப் பற்றி முதல் அடியை எடுத்தேன், போர்மேன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பாட்டுத்தானேய்யா" என்றேன். மனுசன் அசையவில்லை. கடைசியில் பாம்பைத் தண்ணீர் கக்க வைத்துப் பாடி முடித்தேன். சண்முகத்தாய் சிரித்த சிரிப்பில் தாளம் போயே போச்சு. நிறுத்தும்போது போர்மேன் சொன்ன காரணம் இது.

"அண்ணாச்சி, தீப்பெட்டி, செல்போன் எல்லாத்தையும் கேட்டுலயே வாங்கி வச்சிருதோம். இத மட்டும் எப்படி உள்ள விடச் சொல்றீக?"

கண்மாய்க் கரை

ஒரு எந்திரம் தாயில்லாப் பெண்பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிறது. பிறகு நின்றுபோகிறது. அந்தப் பிள்ளை எந்திரத்துக்கு ஒப்பாரி வைக்கிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டினேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்க மாட்டார்கள். பழக வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போய்விடுவோம், அதுதான் வழக்கம். சூலக்கரைப் பாட்டுப் போட்டிக்கு ரெண்டே நாள். வெயிலில் யார் நடப்பது என்று எனக்குச் சோம்பல்.

"எந்திரத்துக்குத்தானே தாயி, வீட்டிலேயே பாடு" என்றேன். சண்முகத்தாய் புருசன் முகத்தைப் பார்த்தது. மாரியப்பன் நல்ல மனுசன், மினி லாரியில் லோடு அடிக்கிறவன்.

"சகுனம் பாத்தா கலைய வளக்க முடியுமாண்ணே? நீங்க பாடுங்க, நான் டீ போடுதேன்."

மாரியப்பன் வீட்டில்

போட்டியில் முதல் பரிசு. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒப்பாரியைத்தான் கேட்டார்கள். நாற்பது, ஐம்பது மேடை இருக்கும். ஒவ்வொரு மேடையிலும் சண்முகத்தாய் நெஜமாகவே அழுதது. நான் பக்கத்தில் நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சீசனுக்கு முன்னால், லோடு இறக்கிக்கொண்டிருந்த மாரியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. துட்டி கேட்க வீட்டுக்குப் போனேன். பொம்பளைகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரையே அழ வைத்த சண்முகத்தாய் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'அன்னைக்கு வீட்டுக்குள்ள பாடினாள்ல, இன்னைக்குப் புருசனுக்கு ஒரு வரி வரல பாரு' என்று அதன் காதில் விழவே பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒன்று சொன்னது. நான்தான் பாடச் சொன்னேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிளம்பும்போது பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சகுனமெல்லாம் இல்லண்ணே, நீங்க வெசனப்படாதீக. இவருக்குன்னு எந்த வரிய எடுத்தாலும் அந்த எந்திரந்தான் முன்னால வந்து நிக்கிது. அதான் பேசாம இருக்கேன்."

இத்தனை வருசத்தில் நான் கட்டியதில் எடுபட்ட பாட்டு அது ஒன்றுதான், அதுவும் எடுபடாமலே போயிருக்கலாம்.