மேல்மலைக்குப் போன அக்கா

“…இந்தக் கல்ல விட்டு அசைய மாட்டேன், போ. நீ ஏறிட்டு வந்து அங்க என்னா இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான்.”

ஹுன்னஸ்கிரியவில் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நிற்கும் மலையில், உச்சிக்கு இன்னும் கால் மணி நேர ஏற்றம் இருந்த இடத்தில், அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய உதடு வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னவன் நான்தான். ஆனாலும் மறுபேச்சு இல்லாமல் அவர் உட்கார்ந்ததைக் கண்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அக்கா சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கலியாண வீட்டுப் பந்தியில் பிடித்து உட்கார வைத்தால்கூட, இலை போட்டு முடிவதற்குள் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரே!

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தம்பியான எனக்கு வந்தது. கடிகாரம் திருத்துகிறவனுக்குப் பேசுவது போலத்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். எங்கள் மூவரில் மூத்தவர். ஐந்து வயது இடைவெளியில் நான், இன்னும் ஐந்து வயது இளையவள் எங்கள் தங்கச்சி. அம்மா போனபோது அக்காவுக்குப் பதினான்கு. பதினாறாவது வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினார். தோட்டத்தில் ‘மலைக்குப் போகிறேன்’ என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று பொருள். அதற்கும் மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்கு அப்பால் நிற்பதை ‘மேல்மலை’ என்போம். லயத்து வாசலில் பல் துலக்கும்போதும் அது தெரியும். துணி காயப்போடும்போதும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவரும் அதில் ஏறியதில்லை.

“மேல்மலைக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமாப்பா?” என்று அக்கா சிறு வயதில் கேட்டபோது, அப்பா, “கொழுந்து இல்லாத எடத்துக்குக் கால் எதுக்கு?” என்றாராம். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம பாப்போம்” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்க வேண்டும், கம்பளி துவைக்க வேண்டும், கடைக்கு இறங்க வேண்டும். அப்பா கண் மூடும் வரை அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

அப்பா போன பிறகு அக்கா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். கண்டிக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னைக் கடிகாரக் கடையில் வேலை பழக விட்டார்; தங்கச்சியைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கினார். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், “இந்த ரெண்டையும் கர சேத்துட்டு வாறேன்” என்றார். நாங்கள் கரை ஏறினோம். கேட்டவர்கள்தாம் அதுவரை காத்திருக்கவில்லை.

முப்பது வருடம் ஜன்னல் இல்லாத மண்டபத்தில், டியூப் விளக்குக்குக் கீழே, மெஷினுக்கு முன்னால். வானம் தெளிந்த காலைகளில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து மேல்மலை இருக்கும் மலைத் தொடர் தூரத்தில் தெரியும். “ஒரு நாளைக்கு அங்க போகணும்” என்று பக்கத்து ஆசனத்தில் இருப்பவரிடம் சொல்வாராம். பக்கத்து ஆசனத்தில் எப்போதும் இருந்தவர் மடவளையைச் சேர்ந்த கதீஜா டீச்சர். அவர் பாலர் பாடசாலை ஆசிரியை. அந்த பஸ் சிநேகிதம் கடைசி வரைக்கும் நின்றது.

ஐம்பத்தாறு வயதில் அக்கா ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து வீட்டில் எங்களுக்கு ஓய்வு போய்விட்டது. முதல் திங்கட்கிழமை விடியற்காலை எழுந்து, குளித்து, சோறு கட்டி, செருப்பையும் மாட்டிய பிறகுதான் போக இடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கட்டிய சோற்றை எடுத்துக்கொண்டு போய்க் கண்டி வாவியை மூன்று முறை சுற்றிவிட்டு வந்தார். ஒரே மாதத்தில் அறையில் இருந்த அலுமாரியை நாலு இடத்துக்கு மாற்றினார். “அலுமாரிக்கு வாய் இருந்தா ஒப்பாரி வெச்சிருக்கும்” என்றாள் என் மனைவி.

இதை எல்லாம் பார்த்த கதீஜா டீச்சர்தான் ஒரு நாள் சொன்னார்: “ஏன் புள்ள, வூட்டுக்குள்ள சுத்துறத வெளிய சுத்தினா என்ன? ஒங்கட அலுமாரிக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.”

அப்படித் தொடங்கியது இந்த மலை ஏறும் பழக்கம். சேலை சல்வார் ஆனது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சப்பாத்து வாங்கினார். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவுக்காரம் பூசிக்கொள்வார். அது கொழுந்து பறித்த காலத்துப் பழக்கம். இருவரும் முதலில் ஏறப் போனது ஹந்தானை மலைப் பக்கம்.

அன்றைக்கே அக்கா தொலைந்து போனார்.

கடையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தேன். தொலைபேசியில் கதீஜா டீச்சர் அழாக் குறையாகப் பேசினார். “தம்பி, நான் பாதையால வாரன், இவ கோடு போட்ட மாதிரி நேரா மேல போறா. கூப்பிட்டன், கூப்பிட்டன். மூடுபனி வந்திச்சு. பார்த்தா ஆளக் காணல்ல!” அப்படியே கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். இரண்டு மணி நேரம் கழித்து, மலைக்கு மறுபக்கத்தில், தண்ணீர்த் தொட்டி ஒன்றின் அருகே, புல் வெட்ட வந்த ஒருவரிடம் சிங்களத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார் அக்கா. கை எல்லாம் மானாப்புல் கீறி இரத்தம்.

“பாதை இருக்கும்போது ஏங்க்கா புல்லுக்குள்ள போனீங்க?”

“பாத வளைஞ்சு வளைஞ்சு போகுது. புடிச்ச நெரய விட்டுட்டு எப்படிப் போறது?”

கதீஜா டீச்சர் தலையில் கை வைத்தார். எனக்கு விளங்கியது. தோட்டத்தில் காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு தேயிலை நிரை காட்டிவிடுவார். கீழே தொடங்கினால் மேலே முடிக்கும் வரை அந்த நிரையை விடக் கூடாது. அடுத்தவர் நிரைக்குள் கை போனால் சண்டை. தோட்டத்தை விட்டு முப்பது வருடம் ஆகியும் அக்காவின் கால் நிரையைத்தான் பிடித்திருந்தது. தேயிலையே இல்லாத புல்மேட்டிலும் அவர் நிரை பிடித்து ஏறியிருக்கிறார்! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தொலைந்து போகத் தெரியாது.

அதன் பிறகு பாதையில் போகப் பழகிக்கொண்டார். மூன்று வருடத்தில் கண்டியைச் சுற்றி அவர் ஏறாத மேடு இல்லை. மேல்மலையை மட்டும் ஏறவில்லை. “அது கடைசிக்கு. நல்ல துண்ட ஓரமா ஒதுக்கி வெச்சுச் சாப்பிடுறதில்லயா?” என்பார்.

ஒதுக்கி வைத்தது பிழையாகப் போய்விட்டது. ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு முட்டி நின்றார். பரிசோதித்த டொக்டர், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, சத்திர சிகிச்சைக்கு முறை வரும் வரை ஏற்றம் கூடாது, தட்டையான இடத்தில் மட்டும் நடங்கள் என்றார். அக்கா கேட்டார்: “கண்டியில தட்டையான எடம் உங்க மேசதான் டொக்டர். அதுமேல நடக்கவா?” டொக்டரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: “ஆப்பரேஷன் மேசையில என்னா நடக்கும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடி மேல்மல. மெதுவாப் போவோம், நின்னு நின்னு போவோம். ஒரே ஒரு தடவ.”

நான் முடியாது என்றேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சாயந்திரம் அவருடைய சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு போய்க் கடை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அவை அங்கேயே கிடந்தன. அக்கா என்னிடம் கேட்கவே இல்லை. வீட்டுக்குள் நடந்தார். வாசல், குசினி, வாசல், குசினி. சாப்பாட்டுத் தட்டோடும் நடந்தார். அந்தக் காலடிச் சத்தம் எனக்குக் கடையிலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தங்கச்சி வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணே, அக்கா உசுரக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு உசுர எடுக்காதீங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வெறுங்காலோடு கேற்றைத் திறந்தார். “சப்பாத்து இல்லாட்டி என்னா? பொறந்தப்ப போட்டுக்கிட்டா வந்தேன்?” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடைக்குப் போய்ச் சப்பாத்துகளை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். நானும் வருகிறேன் என்றேன். நிபந்தனை போட்டேன்.

“நான் நில்லுங்கன்னா நிக்கணும்.”

“நிக்கிறேன்.”

“உட்காருங்கன்னா உட்காரணும்.”

“அது கொஞ்சம் கஷ்டம்.” யோசித்தார். “சரி, உட்கார்றேன்.”

அந்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். கதீஜா டீச்சருக்கு முழங்கால் ஏலாமல் போனதால் ஒரு பார்சல் சோறும் பத்திரமாகப் போய்வர ஒரு துஆவும் கொடுத்தனுப்பினார். தேயிலை முடியும் இடத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்கக்கா போறீங்க, மேலயா? அங்க கொழுந்து இல்லியே!”

“கொழுந்த நீங்க பாத்துக்குங்க. நான் மலையப் பாத்துட்டு வாறேன்.”

“திரும்ப எறங்கத்தானே போறீங்க? அதுக்கு எதுக்கு ஏறணும்?”

“திரும்பப் பசிக்கத்தானே போகுது? அதுக்கு எதுக்குடி சோறு திங்கிற?”

கூடைகள் குலுங்கச் சிரித்தார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து, “காத்து அடிக்கும், காதக் கட்டிக்குங்க” என்று கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு அக்கா காட்டுக்குள் நுழைந்தார். இருபது எட்டுக்கு ஒரு முறை நிற்கச் சொன்னேன், நின்றார். பத்து எட்டுக்கு ஒரு முறை என்றேன், அதற்கும் நின்றார். மூன்று மணி நேரம் அப்படி ஏறித்தான் நான் முதலில் சொன்ன கல்லுக்கு வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு அக்கா நான்கு மாதம் இருந்தார். சிகிச்சைக்கு நாள் கிடைத்து, அதற்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “ஒரு மாதிரி இருக்கு” என்றார். கதிரையைக் கொண்டுவந்து போட்டோம். உட்கார மாட்டேன் என்றார். நின்றபடியே என் மேல் சாய்ந்தார். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏற்றத்தினால்தான் இப்படி ஆனதா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார்; இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வருடமாக நானும் ஓரிடத்தில் இருந்ததில்லை. வீட்டுக்குள் வாசல், குசினி என்று நடக்கிறேன். சப்பாத்துகளை மேசைக்கு அடியிலேயே விட்டிருந்தால் அக்கா இன்றைக்கு இருந்திருப்பாரோ என்று ஒரு நாள் தோன்றும். அந்த மூன்று கிழமையைக்கூட அவரிடமிருந்து பிடுங்காமல் இருந்திருக்கலாமே என்று மறுநாள் தோன்றும்.

அன்று தன் முச்சக்கர வண்டியில் அக்காவைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோன அயல்வீட்டுத் தம்பிக்கும், கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் காத்த மூன்று நாளும் சோறு கொண்டுவந்து எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருவுக்கும், வேலை நேரத்தில் வரிசையாக வந்து நின்ற தொழிற்சாலைச் சகோதரிகளுக்கும் நன்றி. லொறி பிடித்து வந்து அக்காவைத் தோளில் தூக்கிய தோட்டத்து உறவுகளுக்கு என்ன சொல்ல? காலை முதல் மாலை வரை வாசலிலேயே நின்ற கதீஜா டீச்சருக்கு நன்றி என்று எழுதினால் கோபிப்பார். “நன்றிய வெச்சிட்டு நாலு எட்டு நடங்க தம்பி” என்பார்.

நன்றியோடு நிறுத்துவதுதான் முறை. ஆனால் அக்காவைக் கல்லில் உட்கார வைத்துவிட்டு இந்தக் கட்டுரையை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

“இந்தக் கல்ல விட்டு அசைய மாட்டேன், போ” என்றார் அல்லவா? “வேணாங்க்கா, எறங்கிடுவோம்” என்றேன். “ஒருத்தராவது பாக்கணும்டா, போ” என்று கையால் விரட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாக ஏறினேன். முப்பது எட்டு வைத்திருப்பேன். காற்று பலமாக அடித்தது. பின்னால் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கல்லில் ஆள் இல்லை. இரவல் தலைத்துண்டின் நுனி காற்றில் படபடக்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அக்கா எனக்கு இரண்டு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். “அக்கா, உட்காருங்க!” என்று கத்தினேன். அவர் என் தோளில் கையை ஊன்றினார், என்னை ஓரமாகத் தள்ளினார், மிச்ச ஏற்றம் முழுக்க எனக்கு முன்னால் ஏறிப்போய் உச்சியில் நின்றார்.